சேர்வராயனுக்கு விட்ட மீதி

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில்தான் இருக்கும் என்று என் அத்தா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று எனக்கு வந்த கோபத்துக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது வராமல் இருந்திருந்தால் செம்மநத்தம் வரைக்கும் வண்டியை முறுக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேன். போகாமல் இருந்திருந்தால் ஒரு பச்சைக் குழந்தையின் கண் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

என் பெயர் தஸ்லீமா. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் அத்தா ஜாபர் அலியின் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபிளாஸ்க், நான், வெங்கடேஷ். கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். இந்த லட்சணத்தில்தான் எங்கள் மென்பொருள் நிறுவனம் நடக்கிறது.

நாங்கள் செய்வது படத்தைச் சுருக்கும் வேலை. மலைக்கிராமத்தில் நர்ஸ் எடுக்கும் கண் படம் பெரியது. இங்கே சிக்னலோ ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போய்விடும். அதனால் படத்தை மடித்துச் சின்னப் பொட்டலமாக்கி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் டாக்டர் அதைப் பிரித்தால் ஒரு புள்ளிகூட மாறாமல் அப்படியே வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் படம் கொஞ்சம் மங்கினால் மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. கண்ணுக்குள் எடுத்த படம் மங்கினால் ஆகும்.

இதற்குச் சிற்றலை முறை என்று ஒன்று உண்டு. வேவ்லெட் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். படம் என்பது வெறும் முழு எண்களின் வரிசைதான். ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளியின் வெளிச்சம். புள்ளிகளை இரண்டிரண்டாக எடுத்துக்கொள்வோம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் பாதியை இரண்டாவதோடு கூட்டினால் சராசரி. பிறகு சராசரிகளை மட்டும் வரிசையாக வைத்துக்கொண்டு திரும்பவும் இதையே செய்வோம், அதற்கப்புறம் திரும்பவும். பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருப்பதால் வித்தியாசங்கள் குட்டி எண்களாக இருக்கும். குட்டி எண்களை அடக்கிக் கட்டுவது சுலபம்.

பிரிக்கும்போது, கூட்டிய பாதியைக் கழித்துவிட்டால் இரண்டாவது புள்ளி திரும்ப வந்துவிடும்; அதோடு வித்தியாசத்தைக் கூட்டினால் முதலாவதும் வந்துவிடும். ஒரே ஒரு சங்கடம். எல்லாம் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதால், பாதி போடும்போது அரை வந்தால் அதை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதகமில்லை. மடிப்பவரும் பிரிப்பவரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வெங்கடேஷ் செம்மநத்தத்துப் பையன். காப்பியும் ஆரஞ்சும் போட்டிருக்கும் குடும்பம். கெட்டிக்காரன், என்னைவிட வேகமாக எழுதுவான், அந்த வேகத்துக்காகவே என்னிடம் தினமும் திட்டு வாங்குவான். அவன் மனைவி மேனகாவுக்குச் செப்டம்பரில், ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போலிருந்தது. சேலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம் வைத்திருந்து, உயிருக்குப் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உயிருக்குத்தான் பயமில்லை. இப்படி அவசரப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. சிலருக்கு அவை தாறுமாறாக வளரத் தொடங்கும். முதலில் குழாய்கள் முடிகிற இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அது தடித்து மேடானால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைக்க வேண்டும். தவறவிட்டால் பார்வையே போய்விடலாம். அதனால் வாரா வாரம் பார்க்க வேண்டும். நர்ஸ் சசிகலா கேமராவோடு வீட்டுக்கே வந்து படம் எடுப்பார். கோயம்புத்தூரிலிருந்து கண் டாக்டர் சாந்தி அதைப் பார்ப்பார். நடுவில் இருப்பது எங்கள் பொட்டலம். யார் யாருக்கோ என்று எழுதியது வெங்கடேஷின் குழந்தைக்கே உதவுகிறதே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

நவம்பர் முதல் வாரம் டாக்டர் சொன்னார்: “கோடு கொஞ்சம் சந்தேகமா இருக்கு. அடுத்த வாரப் படம் எனக்குத் தெளிவா வேணும்.”

அந்த வாரம் பார்த்து, நர்ஸின் பழைய டேப்லட் மழையில் நனைந்து செத்துப்போனது. புதிதாகக் கொடுத்ததில் எங்கள் மென்பொருள் ஓடவில்லை. மடிக்கும் பகுதியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

“எம்புள்ள படமுங்க. நானே எழுதறனுங்க்கா” என்றான் வெங்கடேஷ். சரி என்றேன். பிரிக்கும் பகுதி நான் எப்போதோ எழுதியது, டாக்டரின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் தொடவில்லை.

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்து வெளியே ஒரு படம் எடுத்தான். அன்று ஒண்டிக்கடையே மூடுபனிக்குள் போயிருந்தது. படம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மடித்து, அனுப்பி, பிரித்தோம். வந்ததும் வெள்ளை வெளேர். “அச்சு அசலா இருக்குதுங்க” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் காலை சசிகலா படம் எடுத்தார். அது பார்க்கச் சகிக்காத வேலை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையைச் சின்னக் கம்பியால் விலக்கிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பாதியில் குழந்தையின் மூச்சு சில நொடிகள் நின்றுபோய், முதுகைத் தேய்த்ததும் திரும்பி வந்தது. இன்றைக்கு இனி இந்தக் குழந்தையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கிடைத்த படங்களை அனுப்பிவிட்டு, சசிகலா சிக்னலே இல்லாத அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் சாந்தி என்னைப் போனில் கூப்பிட்டார்.

“தஸ்லீமா, என்ன படம் இது? கான்ட்ராஸ்ட் ஏத்தினா முழுக்க வெள்ளைத் தூசி. ஒவ்வொரு குழாயோட ஒரு ஓரத்துலயும் தூசி. கோடு இருக்கா, இல்லையான்னே சொல்ல முடியல.”

“திரும்ப எடுக்கச் சொல்லட்டுங்களா, மேடம்?”

“மூச்சு நின்ன குழந்தையை எப்படித் திரும்ப எடுக்கறது? இங்க கொண்டுவாங்கன்னும் சொல்ல முடியல. கோடு தடிச்சிருந்தா இன்னைக்கே கிளம்பணும். தடிக்கலைன்னா, இந்த நிலைமையில அவ்வளவு தூரம் அலைக்கழிக்கறதுதான் ஆபத்து. சாயங்காலம் வரைக்கும் பார்க்கிறேன். எனக்கு அந்தப் படம் வேணும்.”

வீட்டில் குழந்தையோடு இருந்த வெங்கடேஷைப் போனில் கூப்பிட்டேன். மூலப் படம் டேப்லட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இடம் போதாது என்பதால், அனுப்பியதும் அழித்துவிடும்படி அவனே எழுதியிருந்தானாம். அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம். கீழே கடையில் நின்றவர்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள் என்று அத்தா பிறகு சொன்னார். வாயால் திட்டியது போதாமல் நேரில் போய்த் திட்ட வேண்டும் போலிருந்தது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

செம்மநத்தம் சாலையில் எதிரே ஜீப் வந்தால் ஒருவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். நான் போகவில்லை. எல்லோரும் எனக்காகப் பின்னால் போனார்கள்.

வெங்கடேஷின் வீட்டு வாசலில் அவன் தம்பி மாதேஷ் குந்தி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான். மரங்கள் அண்ணன், தம்பி இரண்டு வீட்டுக்கும் பொது. பருவத்தின் முதல் பறிப்பு. உள்ளே மேனகா குழந்தையை மார்போடு அணைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வெங்கடேஷ் வாசல்படியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“அக்கா, எம்புள்ள கண்ணை நானே கெடுத்துட்டனுங்களே” என்றான்.

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த சொற்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. “உக்காரு” என்றேன். “மொதல்ல உன் மடிப்பைக் காட்டு.”

பார்த்தோம். அவன் மடித்ததை அவன் முறையிலேயே பிரித்தால் ஒரு குறையும் இல்லை. நான் மடித்ததை நான் பிரித்தாலும் குறை இல்லை. அவன் மடித்ததை நான் பிரித்தால் தூசி. வரி வரியாக ஒப்பிட்டோம். கழித்தல் சரி, பாதி சரி, கூட்டல் சரி. எனக்குத் திரும்பவும் கோபம் ஏறியது, இந்தத் தடவை யார் மேல் என்று தெரியாமல்.

அந்தக் கோபம் மாதேஷ் மேல் இறங்கியது. நல்ல பழங்களைப் பிரித்து முடித்து, மீந்த ஒன்றை முற்றத்து ஓரக் கல்லின் மேல் வைத்தான். அது மலைச்சாமி சேர்வராயனுக்கு. அதுவரைக்கும் சரி. அடுத்து, குரங்கு கடித்ததையும் அழுகியதையும் அதே நேர்த்தியோடு வீட்டுக்கு ஒன்றாக இரண்டு குவியலாகப் பிரித்தான். அதிலும் ஒன்று மீந்தது. அந்த அழுகல் பழத்தையும் கொண்டுபோய் நல்ல பழத்துக்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தான்.

“ஏப்பா, அழுகலைக் கூடவா சாமிக்கு வைப்பாங்க?” என்று எரிந்து விழுந்தேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “எங்கூட்டு வழக்கமுங்க. நல்லதுல மிஞ்சுனதை வாங்கிக்கறவரு, நட்டத்துல மிஞ்சுனதையும் வாங்கிக்கோணுமில்லீங்களா? ரெண்டூட்டு மேலயும் அது வரப்படாதுங்க. லாபமோ நட்டமோ, ஒத்தையா நிக்கறது அவருதுங்க” என்றான்.

நான் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வெங்கடேசு, மூணுல பாதி எத்தனை?”

“ஒண்ணுங்க. அரையை விட்டரணும்.”

“மைனஸ் மூணுல?”

“மைனஸ் ஒண்ணுங்க. அங்கயும் அரையை விட்டரணுமில்லீங்களா?” என்றவன், பாதியிலேயே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.

எனக்கு மைனஸ் மூன்றில் பாதி மைனஸ் இரண்டு. வேறு எதுவும் எனக்குத் தோன்றியதே இல்லை. ஏனென்றால் நான் ஜாபர் அலியின் மகள். அத்தாவின் கடையில் அரை வந்தால் அது எப்போதும் கடையின் தலையில்தான். மலைக்காரர்களுக்கு மூன்றரைப் படி கொடுக்க வேண்டியிருந்தால் நான்கு கொடுப்பார். அவர்களிடமிருந்து மூன்றரை வர வேண்டியிருந்தால் மூன்று போதும் என்பார். வருவதில் குறைவு, போவதில் கூடுதல். இரண்டிலும் கடை ஒரு பக்கமாகத்தான் சரியும். வெங்கடேஷ் வீட்டிலோ லாபத்தின் அரையையும் நட்டத்தின் அரையையும் சேர்வராயனுக்கு விட்டுவிடுகிறார்கள். லாபத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விடை. நட்டத்தில்தான் ஒன்று வித்தியாசப்படுகிறோம்.

படத்தில் நட்டம், அதாவது மைனஸ் வித்தியாசம், எங்கே வரும்? முதல் புள்ளி இருட்டாகவும் அடுத்தது வெளிச்சமாகவும் இருக்கும் இடத்தில். அதாவது ஒவ்வொரு ரத்தக் குழாயின் ஒரு ஓரத்திலும். அங்கெல்லாம் நான் பிரிக்கும்போது ஒன்று கூடியிருக்கிறது; சராசரிக்குச் சராசரி போடப் போட அது சேர்ந்து சேர்ந்து வெள்ளைத் தூசியாகிவிட்டது. நாங்கள் சோதித்த மூடுபனியில் எல்லாப் புள்ளியும் ஒன்று. வித்தியாசமே இல்லாத இடத்தில் பங்கு போட என்ன இருக்கிறது?

“அப்படின்னா...” என்றான் வெங்கடேஷ்.

“அப்படின்னா ஒண்ணுமே கெட்டுப்போகலப்பா. பொட்டலத்துல எல்லாமே இருக்குது. நான்தான் எங்கூட்டு வழக்கத்துல பிரிச்சிட்டேன். உங்கூட்டு வழக்கத்துல பிரிக்கோணும்.”

மேனகா உள்ளேயிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். “அக்கா, பாப்பாவைத் திரும்பப் படம் எடுக்க வேண்டாங்களா?”

“வேண்டாங் கண்ணு. யாரும் அவளைத் தொட மாட்டாங்க.”

அவள் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. மாற்றி, டாக்டருக்குப் போனதன் நகலாக என் லேப்டாப்பில் இருந்த பொட்டலத்தைத் திறந்தேன். தூசி ஒன்றுமில்லை. ஆரஞ்சு நிறத்தில் அந்தச் சின்னக் கண்ணின் உள்பக்கம் துடைத்து வைத்தது போல வந்தது. குழாய்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. அவை முடியும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அது போன வாரம் பார்த்த கோடு இல்லை. தடித்திருந்தது. படிக்காத பாடம் என்றாலும், இத்தனை வாரம் பார்த்துப் பழகிய எனக்கே தெரிந்தது. வெங்கடேஷுக்கும் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் மேனகாவைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வரித் திருத்தத்தை டாக்டரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். முழுப் படத்தைத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தால் செம்மநத்தத்துச் சிக்னலில் பொழுது சாய்ந்திருக்கும். பொட்டலம்தான் அவரிடம் ஏற்கனவே இருந்ததே. வந்து போகிற சிக்னலில் அந்தச் சின்ன வரி எப்படியோ ஏறிப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் நன்றி.

டாக்டர் உடனே கூப்பிட்டார். “இதுதான் எனக்கு வேண்டிய படம். இப்பவே கிளம்புங்க. நாளைக் காலையில லேசர் வைக்கிறேன். நல்ல நேரத்துல பிடிச்சிருக்கோம்.” கொஞ்சம் நிறுத்தி, “பயப்படாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க” என்றார். ‘பிடிச்சிருக்கோம்’ என்று எங்களையும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல்லை நான் மறக்க மாட்டேன்.

அத்தாவுக்குப் போன் செய்தேன். விஷயம் முழுதாகச் சொல்லவில்லை, குழந்தை, கோயம்புத்தூர் என்று மட்டும்தான் சொன்னேன். கடையை அப்படியே போட்டுவிட்டு, ஆக்சிஜன் வசதியுள்ள ஆம்புலன்ஸைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேனகாவைப் பார்த்து, “ஒண்ணும் ஆகாது சாமி, ஏறு” என்றார். அவர்கள் கிளம்பும்போது மாதேஷ் ஓடிவந்து கல்லின் மேலிருந்த நல்ல பழத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தான். சேர்வராயனுக்கு வைத்ததை எடுத்துவிட்டாயே என்று யாரும் கேட்கவில்லை.

லேசர் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு வாரமும் படம் வந்தது, ஒவ்வொரு வாரமும் கோடு மெலிந்தது. ஒவ்வொரு படத்தையும் எண்ணுக்கு எண் சரிபார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் அனுப்புகிறோம். மூடுபனியை நான் படமெடுக்க விடுவதே இல்லை. எங்கள் மென்பொருளில் மடிப்பது, பிரிப்பது இரண்டும் இன்று வரை வெங்கடேஷ் வீட்டு வழக்கப்படிதான். என் முறைக்கு மாற்றினால் கணக்குக் கொஞ்சம் வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியும். மாற்ற மனம் வரவில்லை. அத்தாவிடம் சொன்னபோது, “நம்ம கடை வழக்கத்தை விட்டுட்டியா?” என்று பொய்க்கோபம் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனகா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டேயிருந்தது. கண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பார்வை தெரிகிறது என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும், அவள் இன்னும் எதையும் பின்தொடர்ந்து பார்க்கத் தொடங்கவில்லை.

வாசலில் மாதேஷ் கடைசிப் பறிப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான். மேனகா குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு பழம் மீந்தது. நன்றாகப் பழுத்த, பெரிய பழம். மாதேஷ் அதை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

குழந்தையின் கண் அவன் கையோடு எழுந்தது.

மேனகாதான் முதலில் பார்த்தாள். “ஏனுங்க, நில்லுங்க” என்றாள் கொழுந்தனிடம். அவன் நின்றான். கையை மெதுவாக இடப்பக்கம் கொண்டுபோனான். கண் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் கொண்டுவந்தான். கண் வலப்பக்கம் வந்தது. வெங்கடேஷ் வந்து மேனகாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மாதேஷ் நடந்துபோய், எப்போதும் போல அந்தப் பழத்தைக் கல்லின் மேல் வைத்தான். மேனகா கை கூப்பினாள். நான் “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

குழந்தை எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லின் மேலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.